தலைவருக்கு வயது இருபத்தாறு

"நாந்தானுங்க தலைவரு" என்று சொல்லிவிட்டு ஐயாக்கண்ணு சிரித்தார். மேல்வரிசையில் முன்பல் இரண்டைக் காணவில்லை. தலை முழுக்க நரை. கோவிந்தராஜ் அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

"பெரியவரே, நான் கேட்டது இளைஞர் மன்றத் தலைவரை."

"அதேதானுங்க. கடுக்காமரத்தூர் இளைஞர் மன்றம், தலைவரு ஐயாக்கண்ணு. நீங்கதானுங்களே போன்ல பேரு கேட்டு வாங்குனீங்க?"

வாங்கியது உண்மைதான். கோவிந்தராஜ் ஏற்காட்டில் இளைஞர் முன்னேற்றத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். மலையில் ஊர் ஊராக இளைஞர் மன்றம் தொடங்கி, இளைஞர்களை நாட்டு வளர்ச்சியில் பங்கெடுக்க வைப்பது அவன் வேலை. கடுக்காமரத்தூர் கிளியூரையும் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து காபித் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கி நடந்தால் வருகிற ஊர். மழை பெய்தால் வழியெல்லாம் அட்டை. ஆகவே அந்த ஊர் இளைஞர்களை அவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி போனிலேயே முன்னேற்றியிருந்தான். தலைவர் பெயரைக் கேட்டான். வயதைக் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. மேலிடத்துக்கு ஏதாவது ஒரு வயதைச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு என்று சொல்லிவைத்தான். இளைஞர் என்றால் இருபத்தாறு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

"உங்களுக்கு என்ன வயசுங்க ஆகுது?" என்றான் இப்போது.

"அதாரு எண்ணி வெச்சாங்க? அந்தப் பள்ளிக்கூடம் கட்டறப்ப நான் கல்லு சொமந்தனுங்க."

கோவிந்தராஜ் திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தின் சுவரெல்லாம் காரை பெயர்ந்து, கூரை ஒரு பக்கம் சரிந்து, 'உள்ளே நுழையாதீர், இடிந்து விழும் நிலையில் உள்ளது' என்று பலகை தொங்கியது.

இதற்குள் ஊர் வழக்கெல்லாம் தீர்த்துவைக்கிற ஊர்க்கவுண்டர் வந்துவிட்டார். பெயர் சென்றாயன். முறுக்கிய கருத்த மீசை, முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் வந்து கல்லின் மேல் உட்கார்ந்ததும் ஐயாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த சின்னத்தம்பி என்கிற இருபது வயதுப் பையன் ஊர்க்கவுண்டருக்குப் பக்கத்தில் உரிமையோடு உட்கார்ந்தான்.

"ஏனுங்க, இந்த ஊர்ல இளைஞர்னா யாரு?" என்றான் கோவிந்தராஜ்.

"தாலி கட்டாதவனெல்லாம் இளவட்டமுங்க" என்றார் சென்றாயன். "தாலி கட்டிட்டா பெரியாளு, ஊர்க்கூட்டத்துல உக்காரலாம். இந்தா, சின்னத்தம்பி இருக்கறானே, போன வருசமே பெரியாளாயிட்டான். ஐயாக்கண்ணு இன்னும் இளவட்டந்தான். பந்தல் போடறது, வழியில மண்ணு சரிஞ்சா வெட்டறது, சீக்காளியத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடறது எல்லாமே இளவட்டந்தானுங்க. அதுல மூத்தவந்தான் தலைவரு. முப்பது வருசமா ஐயாக்கண்ணு மாதிரித் தலைவரு இந்த மலையில எங்கீமே இல்லீங்க."

"வயசுக்கு ஒரு கணக்கு வேண்டாமுங்களா?"

"வயசா? அது மாட்டுக்குப் பாப்போமுங்க."

கோவிந்தராஜுக்கு விக்கல் எடுக்க ஆரம்பித்தது. பயம் வந்தால் அவனுக்கு விக்கல் வரும். பத்தாம் வகுப்பில் வந்தது, அதன்பிறகு பெண் பார்க்கப் போனபோது வந்தது. பெண் வீட்டில் அவன் அம்மா "பையனுக்குக் கவர்மென்ட் வேலை" என்று சொன்ன அந்த நிமிஷத்தில் ஆரம்பித்து, பஜ்ஜி சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்கவில்லை. ஏனென்றால் அது கவர்மென்ட் வேலையில்லை, ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒரு முறை மேலிடம் மனசு வைத்தால் நீட்டிப்பார்கள். இந்த மாதக் கடைசியோடு இந்த வருஷ ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டிய லூர்துசெல்வி மேடம் காலையில்தான் சேலத்திலிருந்து போன் பண்ணியிருந்தார்.

"கோவிந்தராஜ், வெள்ளிக்கிழமை நானே கடுக்காமரத்தூர் வர்றேன். காபிப் பழம் தோலுரிக்கிற மெஷின் லாரியில கூடவே வருது. மன்றத் தலைவர் கையில நான் சாவியைக் குடுக்கணும். பதினஞ்சுலேர்ந்து இருபத்தொம்பதுக்குள்ள இருக்கணும், ஞாபகம் இருக்கட்டும். ஆதார் கார்டை வாங்கி நானே பாப்பேன். போன மாசம் ஒரு ஊர்ல முப்பத்தோரு வயசு ஆளை நிறுத்தினாங்க. மெஷினைத் திருப்பிட்டு வந்துட்டேன். அந்த ஒருங்கிணைப்பாளரையும் சேர்த்து."

"அவரு இப்ப எங்கங்க மேடம் இருக்காரு?"

"தெரியலை" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

முப்பத்தொன்றுக்கே இந்தக் கதி. ஐயாக்கண்ணுவை அவர் எதிரில் நிறுத்துவதை நினைத்துப் பார்த்தான். வேலை போய்விடும். அதோடு கல்யாணமும் போய்விடும். விக்கலோடு விக்கலாக எழுந்து, நிஜமான இளைஞர்களைத் தேடிப் புறப்பட்டான்.

ஊருக்கு வருகிற மண்பாதையில் மழைக்குச் சரிந்த மண்ணை ஐந்தாறு பையன்கள் வெட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். மெஷின் ஏற்றிய லாரி வர வேண்டுமே, அதற்காக ஐயாக்கண்ணு இட்ட வேலை. அதில் சித்தன் என்பவனுக்கு இருபத்தொரு வயது. சேலத்தில் ஐ.டி.ஐ. முடித்தவன், கல்யாணம் ஆகாதவன், பார்க்க லட்சணமாக இருந்தான். அவனைக் கண்டதும் கோவிந்தராஜுக்குக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது.

"தம்பி, வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் நீ தலைவரா இருந்துரு. போதும்."

சித்தன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "அண்ணன் இருக்கறப்ப நான் எப்பிடிங்க?"

"எந்த அண்ணன்?"

"ஐயாக்கண்ணு அண்ணனுங்க."

"உங்கப்பாவை விட அவருக்கு வயசு அதிகம்பா!"

"அப்பா பெரியாளுங்க. இவரு எங்க அண்ணனுங்க."

"சரி, அண்ணனே இருக்கட்டும். அவரைத் தலைவர் பதவியிலேர்ந்து எடுக்க என்ன வழி?"

பையன்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "அண்ணன எடுக்கறதுங்களா?" என்றான் சித்தன் மெதுவாக. "அவரு தாலி கட்டோணும், இல்லாட்டிச் சாகோணும். வேற வழியே கெடையாதுங்க."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், கோவிந்தராஜ் அந்த இரண்டாவது வழியைப் பற்றி யோசித்தான். யோசித்ததற்காகத் தன்னையே வெறுத்தான். அவன் நிமிர்ந்து பார்த்தபோது பாதையில் யாரும் இல்லை. மண்வெட்டிகள் மட்டும் கிடந்தன. அண்ணனை எடுக்கப் பார்க்கிற சார் ஏறி வருகிற வழியில் இனி ஒரு கூடை மண்ணும் அள்ளுவதில்லை என்று இளவட்டம் முடிவு கட்டிக் கலைந்து போயிருந்தது. இளைஞர்கள் தாங்களாகவே ஒன்றுகூடி முடிவெடுப்பதுதான் திட்டத்தின் முதல் நோக்கம். அது இப்படி நிறைவேறும் என்று கோவிந்தராஜ் எதிர்பார்க்கவில்லை.

ஆக, தலைவரும் கிழவர், லாரி வரவும் வழியில்லை.

அன்று பஸ்ஸில் ஏற்காடு திரும்பும்போது அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. கிழவரை மாற்ற முடியாது, சரி. கிழத்தனத்தையாவது மாற்றலாமே? மேடம் ஆதார் கார்டைக் கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கடைவீதியில் இறங்கி, தலைக்குப் பூசுகிற கறுப்புச் சாயமும், மார்பில் புலித்தலை போட்ட டீ-சட்டையும் வாங்கினான்.

மறுநாள் ஐயாக்கண்ணுவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டான். பிறகு விஷயத்தைச் சொன்னான். ஐயாக்கண்ணுவுக்குக் கோபமே வரவில்லை. "ஆபீசருக்கு இப்பிடித்தான் புடிக்குமுன்னா பூசிக்கறனுங்க, அதுக்கென்ன?" என்று முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயம் பூசியது அவருடைய கடைசித் தங்கை அத்தாயி. அந்தம்மாளுக்குக் கை தாராளம். தலைக்கு, மீசைக்கு, புருவத்துக்கு, நெற்றியில் பாதிக்கு என்று இருந்ததையெல்லாம் பூசித் தீர்த்தாள். கழுவிப் பார்த்தார்கள். முடியில் கொஞ்சம் போயிற்று, நெற்றியில் போகவே இல்லை.

புலிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஐயாக்கண்ணு வந்து நின்றார். இருபத்தாறு வயது ஆளாகத் தெரியவில்லை. ஐம்பத்தைந்து வயது ஆள் தார்ச் சட்டிக்குள் தலையை விட்டுவிட்டு வந்தது போல இருந்தது. கோவிந்தராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆனால் ஐயாக்கண்ணு அங்கே நின்றிருந்த பைக்கின் கண்ணாடியில் குனிந்து தன் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஏனுங்க சார், நான் இப்பிடியா இருந்தனுங்க?"

மீசையைத் தடவிப் பார்த்தார்.

"நாலு தங்கச்சிங்களுங்க எனக்கு. ஒவ்வொருத்தியக் கட்டிக் குடுக்கறப்பவும், அடுத்தது நம்ம கல்யாணந்தான்னு நெனைப்பனுங்க. கடைசீல இவளையும் கட்டிக் குடுத்துப்போட்டேன். அப்பறம் ஆரும் எங்கிட்டக் கேக்கலீங்க. நானும் கேக்கலீங்க." அவர் கண்ணாடியை விட்டு நகரவில்லை. "எனக்கு ஒரு பொண்ணு பாத்துக் குடுங்க சார்."

அத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள். கோவிந்தராஜுக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அவன் மண்டைக்குள் ஒரு மணி அடித்தது. தாலி கட்டினால் பெரியாள். ஐயாக்கண்ணு பெரியாளாகிவிட்டால் இளவட்டத்தில் அடுத்த மூத்தவன் சித்தன். இருபத்தொரு வயது! ஐ.டி.ஐ.!

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிரலாமுங்க!" என்று துள்ளி எழுந்தான்.

"அத்தனை அவசரமுங்களா?" என்றாள் அத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அவருக்கு வயசு ஏறுதுங்களே அம்மா!"

அத்தாயிக்கு ஒரு பெண் தெரிந்திருந்தது. பக்கத்து ஊர் வீராயி. புருஷன் போய்ப் பல வருஷமாயிற்று, பிள்ளை குட்டி இல்லை. சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் ஆரஞ்சும் கொய்யாவும் கூறுகட்டி விற்கிறவள். சுற்றுலா வருகிற கூட்டத்திடம் பேரம் பேசிப் பேசி நாக்கு கூர்மையாகியிருந்தது. அன்றைக்கே மூவரும் போய் அவள் கடை முன்னால் நின்றார்கள்.

வீராயி மாப்பிள்ளையின் நெற்றியைப் பார்த்தாள். "அடுப்புல உழுந்துட்டாருங்களா?"

"சாயமுங்க" என்றாள் அத்தாயி.

"ஓகோ. மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?"

கோவிந்தராஜ் வாயைத் திறப்பதற்குள் ஐயாக்கண்ணு புலிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "நான் கவர்மென்ட்டு இளைஞர் மன்றத் தலைவருங்க. வெள்ளிக்கிழமை சேலத்திலேர்ந்து ஆபீசரம்மா என்னையப் பாக்கத்தான் வர்றாங்க."

வீராயி தராசைக் கீழே வைத்தாள். முகமே மாறிவிட்டது. "கவர்மென்ட்டுத் தலைவருங்களா? அட, அத மொதல்லயே சொல்லோணுமில்லீங்க? செத்தவன் வெறும் ஆளா இருந்தான். தலைவரு சம்சாரமுன்னா நாலு பேரு மதிப்பாங்க. எனக்குச் சம்மதமுங்க."

கோவிந்தராஜுக்கு விக்கல் திரும்பி வந்தது. தாலி கட்டினால்தான் பதவி போகும். பதவி போகும் என்று தெரிந்தால் அவள் தாலிக்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். மறைத்துவிடலாமா என்று பார்த்தான். ஆனால் அத்தாயி வெகுளி. "அண்ணன் தாலி கட்டிட்டா அப்பறம் பெரியாளாயிரும், தலைவரா இருக்க முடியாதே?" என்று சந்தோஷமாகப் போட்டு உடைத்துவிட்டாள்.

வீராயி தராசை மறுபடி கையில் எடுத்தாள். "அப்பிடீன்னா எனக்கு வேண்டாமுங்க."

"அம்மா, அம்மா" என்று பாய்ந்தான் கோவிந்தராஜ். "பதவி போறதில்லைங்க. அது உயர்வுங்க. பதவி உயர்வு! இளைஞர் மன்றத்துல நல்லா வேலை செஞ்சவங்களை அடுத்த படிக்குத் தூக்கி விடறது."

"அடுத்த படின்னா?"

"நொம்பப் பெரிய படிங்க."

வீராயி அவனைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சொத்தைக் கொய்யாவைக் கண்டுபிடிக்கிற பார்வை அது. "சரிங்க சார். அந்த ஆபீசரம்மா வர்றாங்கல்ல? அவிய வாயால இத நாங் கேக்கோணும். வெள்ளிக்கிழமை முகூர்த்தமும் இருக்குது, அத உட்டா ஆடி பொறந்துரும். கல்யாணத்த அன்னிக்கே அவிய முன்னாலயே வெச்சுக்கலாம்."

இப்படியாக, மேடத்தின் கண்ணில் படவே கூடாது என்று அவன் ஒளித்துவைக்கப் பார்த்த கிழவர், மேடத்தின் எதிரிலேயே மாலையும் கழுத்துமாக நிற்பது என்று ஏற்பாடாயிற்று. கோவிந்தராஜ் வழியெல்லாம் தண்ணீர் குடித்தான். விக்கல் நிற்கவில்லை.

ஒரே ஒரு நல்லது நடந்தது. அண்ணனுக்குக் கல்யாணம் என்றதும் இளவட்டம் மண்வெட்டியைத் தூக்கிவிட்டது. பொண்ணு வீட்டு ஜீப் வர வேண்டுமே! ஒரே நாளில் பாதை சுத்தமானது. வழியில் வாழை மரமும் கட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோவிந்தராஜ் கணக்குப் போட்டு வைத்திருந்தான். பத்து மணிக்குத் தாலி. மேடம் வருவது பதினொன்றுக்கு, அதை மட்டும் வீராயியிடம் சொல்லவில்லை. அவர் வரும்போது ஐயாக்கண்ணு வெறும் மாப்பிள்ளை, தலைவர் சித்தன். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பதரைக்கே ஜீப்பின் ஹாரன் கேட்டதுதான் சரியாக இல்லை.

"என்ன கோவிந்தராஜ், வாழை மரமெல்லாம் கட்டி வரவேற்பு பலமா இருக்கு?" என்று இறங்கினார் லூர்துசெல்வி மேடம். மலைப்பாதை வளைவுகளில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பின்னாலேயே லாரியில், தார்ப்பாய் போர்த்தி மெஷின்.

"ஆமாங்க மேடம், ஊரே சந்தோஷமா இருக்குங்க."

"சரி, தலைவரைக் கூப்பிடுங்க."

அந்த நிமிஷத்தில் தலைவர் பந்தலுக்குள் மணையில் உட்கார்ந்திருந்தார். நெற்றிச் சாயத்தின் மேல் திருநீறு.

"மேடம், முதல்ல ஊர் ஊற்றைப் பாக்கலாங்களா? இளைஞர்கள் சுத்தம் பண்ணினது."

"தலைவரோட சேர்ந்து பாக்கலாமே?"

"அவரு, அவரு..." விக்கல் வந்து அவனைக் காப்பாற்றியது. மேடம் பாவம் பார்த்து ஊற்றுக்கு நடந்தார். அதற்கப்புறம் அவன் அவருக்கு மிளகுக் கொடியைக் காட்டினான். காபிச் செடியைக் காட்டினான். இடிந்து விழும் நிலையில் உள்ள பள்ளிக்கூடத்தைத் தூரத்திலிருந்து காட்டினான். காட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் மிளகுக் கொடியையே மறுபடி காட்டியபோது மேடம் நின்றுவிட்டார்.

"இதை இப்பத்தானே பாத்தோம்?"

"அது ஆண் கொடிங்க, இது பெண் கொடிங்க" என்றான். உண்மையா பொய்யா என்று அவனுக்கே தெரியாது. அப்போது மேடத்தின் கணுக்காலில் ஓர் அட்டை ஏறியிருப்பதை அவர் பார்த்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கிளியெல்லாம் பறந்தது. உப்புக்கு ஆட்கள் ஓடினார்கள். அத்தனை அமளியிலும் கோவிந்தராஜ் காதைப் பந்தல் பக்கமே வைத்திருந்தான். ஆபீசரம்மாதான் ஊருக்குள் வந்தாயிற்றே, நல்ல நேரம் தப்பக் கூடாது என்று, தாலி கட்டுகிற மேளம் கேட்டது. அந்த அட்டையைக் கையில் எடுத்து முத்தம் கொடுத்திருப்பான்.

பந்தலுக்கு வந்தபோது அங்கே ஒரு காட்சி நடந்துகொண்டிருந்தது. ஐயாக்கண்ணு மாலையோடு எழுந்து, பழக்கம் போல ஓரமாகப் போய் நிற்கப் பார்த்தார். ஊர்க்கவுண்டர் சென்றாயன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "இங்க வந்து உக்காருங்க, மாமா" என்றார். முப்பது வருஷமாக 'ஏப்பா ஐயாக்கண்ணு' என்று கூப்பிட்ட ஊர். ஐயாக்கண்ணு உட்காரத் தெரியாமல் உட்கார்ந்தார். கண்ணில் நீர் வழிந்து சாயத்தில் கோடு விழுந்தது. கோவிந்தராஜ் தன் பயத்தையெல்லாம் ஒரு நிமிஷம் மறந்து நின்றான். எதற்காகச் செய்திருந்தாலும், ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று தோன்றியது.

அந்த நிமிஷம் முடிவதற்குள் வீராயி மேடத்தின் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்கம்மா, எங்கூட்டுக்காரருக்கு நொம்பப் பெரிய படி ஒண்ணு தர்றதா இந்த சார் சொன்னாருங்க. நெசந்தானுங்களா?"

கோவிந்தராஜ் கண்ணை மூடிக்கொண்டான். மேடம் அவளை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருஷமாக ஜனங்கள் மனுக் கொடுத்துக் கொடுத்து, அதற்கு ஒரு பதில் அவர் நாக்கிலேயே குடியிருந்தது.

"ஆவன செய்யறோம்மா" என்றார்.

வீராயி திரும்பிக் கூட்டத்தைப் பெருமையோடு பார்த்தாள். "கேட்டுக்கங்க, ஆவன செய்யறாங்களாமா!"

கோவிந்தராஜ் கண்ணைத் திறந்தான். விக்கல் நின்றிருந்தது. "மேடம், இவருதாங்க மன்றத் தலைவர். சித்தன்" என்று புதுச் சட்டை போட்டிருந்த சித்தனை முன்னால் தள்ளினான்.

"உங்க லிஸ்ட்ல ஐயாக்கண்ணுன்னு இருந்துதே?"

"அவரு ஓய்வு பெற்றுட்டாருங்க மேடம். இன்னிக்குக் காலையிலதான்."

மேடம் சித்தனின் ஆதார் கார்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முன்னால் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சித்தன் முகத்தைப் பார்த்தார்.

"இருபத்தொண்ணு. ஐ.டி.ஐ. வேறயா? வெரி குட்." கார்டைத் திருப்பிக் கொடுத்தார். கோவிந்தராஜின் பக்கம் சாய்ந்து, "உங்க ஒப்பந்தத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. மெஷினைத் தலைவர்கிட்ட ஒப்படைச்ச கையோட இங்கேயே கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றார்.

கோவிந்தராஜுக்குப் பெண் வீட்டு வாசலில் கோலம் போட்டிருப்பது போல ஒரு காட்சி கண்ணெதிரே வந்து போனது. அம்மாவுக்கு உடனே போன் பண்ண வேண்டும். சிக்னல்தான் இல்லை.

மேடம் கல்யாணப் பந்தலிலேயே மைக்கைப் பிடித்தார். நன்றாகப் பேசினார். இளைஞர்கள்தான் இந்த நாட்டின் முதுகெலும்பு என்றார். அவர்களை நம்ப வேண்டும், அவர்கள் கையில் பொறுப்பைக் கொடுக்க வேண்டும், தப்பு செய்தாலும் பரவாயில்லை, அவர்களே முடிவெடுக்கட்டும் என்றார். இளவட்டம் விசிலடித்தது. கல்யாணத்துக்கு வந்த மேளக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தட்டுத் தட்டினார். மெஷினின் தார்ப்பாயை விலக்கினார்கள். புதுப் பெயின்ட் வெயிலில் மின்னியது. ஊரே சுற்றி நின்று வாயைப் பிளந்து பார்த்தது.

மேடம் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். சித்தன் இரண்டு கையையும் நீட்டினான். மழிக்க வேண்டிய அவசியமே இல்லாத மோவாய், தலையில் கல்யாணத்துக்கு வைத்த எண்ணெய். மேடத்தின் சாவி பிடித்த கை பாதி வழியில் நின்றது. அவர் சித்தனைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மறுபடி சித்தனைப் பார்த்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மெல்லக் கோவிந்தராஜைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனார். சாவி கைப்பைக்குள் திரும்பிப் போய்விட்டது.

"என்ன கோவிந்தராஜ், பச்சப் புள்ளையா இருக்கான்! இவ்வளவு பெரிய மெஷினை இவனை நம்பி எப்படி விட்டுட்டுப் போறது? நாலு எடம் பாத்துப் பழகின, கொஞ்சம் வயசான இளைஞரா இந்த ஊர்ல யாருமே இல்லையா?"